நைட்ரஸுக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

என் காரில் என்ஜின் திறனைக் கூட்டும் நைட்ரஸ் அமைப்பைப் பொருத்தியபோது பழைய ஸ்பார்க் பிளக்குகளையே விட்டுவைத்தது என் தவறு. நைட்ரஸ் ஆக்சைடு சூட்டில் சிதைந்து கூடுதல் ஆக்சிஜனைத் தருவதால், அதிக எரிபொருள் எரிந்து சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் ஏறுகின்றன. அந்த வெப்பத்தை விரைவாகக் கடத்தாத பிளக்கின் முனை தணலாகக் கனன்று, தீப்பொறி பாயும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். ஆகவே ஒரு படி குளிர்ந்த, அதாவது வெப்பத்தை இன்னும் விரைவாகக் கடத்தும், பிளக் வேண்டும். நைட்ரஸ் கூட்டும் குதிரைத்திறன் நூறைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு படி. என்ஜிகே நிறுவன பிளக்கில் இந்தப் படியைக் குறிக்கும் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு என்ற முரண் இன்றும் என்னைக் குழப்புகிறது.

அழுத்தம் மிகுந்த கலவையில் தீப்பொறி தாவுவது கடினம் என்பதால், பிளக்கின் இரு மின்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 0.6 முதல் 0.75 மி.மீ. அளவுக்குக் குறைக்கிறேன். 1.1 மி.மீ. இடைவெளியுடன் வரும் பிளக்கை அவ்வளவு வளைத்தால் பக்க மின்முனை சாய்ந்துவிடும். தொடக்கத்திலேயே குறுகிய இடைவெளி கொண்டதை வாங்குவதே நல்லது. வளைக்கும்போது நடு மின்முனையில் கருவி அழுந்தக் கூடாது, அதைச் சுற்றியுள்ள பீங்கான் எளிதில் விரிசல் காணும். நைட்ரஸ் ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். பீங்கானில் அலுமினியத் துகள்கள் மின்னினால், பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது.