வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

பாலக்கோடு பக்கம் என் பெரியம்மா, இருந்த ஒரே ஓட்டு வீட்டையும் மகன்கள் பேருக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில். பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்குச் சம்பளம், டயாப்பர், மாத்திரை எல்லாம் யார் தருவது என்று மகன்களுக்குள் பேச்சு முற்றுகிறது, அதுவும் அவர் காது கேட்க. எனக்கு வயிறு எரிகிறது.

தயவுசெய்து, வீட்டில் பெரியவர்கள் பத்திரம் எழுதப் போனால் கூடப் போங்கள். "என் ஆயுள் வரை நான் குடியிருப்பேன், சாப்பாடும் மருத்துவச் செலவும் வாங்குபவர் பொறுப்பு" என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரம் என்றால் வழக்கு இழுக்கும். 2022இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. 2025இல் இன்னொரு வழக்கில், பெரியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றது. அதை நம்பி அந்த நிபந்தனை வரியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாலும் சரி, மகன், மகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை போகாது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தருமபுரியிலும் இருக்கிறது, அரூரிலும் இருக்கிறது. பெரியம்மா மனுவை நான்தான் எழுதுகிறேன்.