நிஷிசாக்கா குன்றில் அம்மாவின் நேர்ச்சை

பதினான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டின் மேல் இருந்த ஒரு நேர்ச்சைக் கடன், கடந்த பிப்ரவரி 5ஆம் நாள் காலையில், ஜப்பானின் நாகசாகி நகரத்திலுள்ள நிஷிசாக்கா குன்றின்மேல் ஆண்டவரின் இரக்கத்தால் தீர்ந்தது. நேர்ந்தவர் என் அம்மா. தீர்த்து வைத்தவள் நான். யாருக்காக நேர்ந்தாரோ அந்தப் பிள்ளையே என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றான்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது மூளைக்காய்ச்சல் கண்டு, பதினொரு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தான். அந்த வாரத்தில்தான், மணப்பாட்டில் புனித பவுல் மிக்கி, தோழர்கள் நினைவுத் திருப்பலியில், 1597இல் நிஷிசாக்கா குன்றில் விசுவாசத்துக்காகச் சிலுவையில் கொல்லப்பட்ட 26 பேருள் லூயி இபராகி என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன் என்று பங்குத்தந்தை மறையுரையில் கூறியிருக்கிறார். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. பேரன் பிழைத்து எழுந்தால் அந்தச் சிறுவன் உயிர்விட்ட இடத்தில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். தூரம், செலவு எதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கினார் அல்லவா. அவர் தங்கிய மணப்பாட்டுக் குகைக்கு மேலே செபமாலை சொல்லி வளர்ந்த அம்மாவுக்கு ஜப்பான் அயலூராகவே தோன்றவில்லை.

பிள்ளை பிழைத்தான். கடன்தான் நின்றது. 2019 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் குன்றில் செபித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். உடனே ஒரு பயண முகவரிடம் பணம் கட்டினோம். பெருந்தொற்று வந்து பயணம் நின்றது. கட்டியதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த இன்னொருவர் காட்டிய ஒன்பது நாள் பட்டியலில் கடைவீதிகளுக்கு இரண்டு முழு நாள்களும் நாகசாகிக்கு நாற்பது நிமிடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. திருப்பயணம் என்ற சொல்லை இப்படி விற்கிறவர்களை என்ன சொல்வது? கடைசியில், மகனுக்கே ஜப்பானின் ஃபுகுவோகாவில் வேலை அமைந்தது. அதைத் தற்செயல் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அம்மாவுக்கு எண்பத்தொன்று ஆகிவிட்டது. முழங்கால் வலியால் அவரால் வர இயலவில்லை. பிப்ரவரி 2 அன்று கோவிலில் மந்திரித்த மெழுகுதிரி ஒன்றையும் தம் செபமாலையையும் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

ஃபுகுவோகாவின் ஹக்காத்தா நிலையத்தில் ஏறி, தக்கேயோ ஒன்சென்னில் எதிர்ப்புறம் நின்ற அதிவேக ரயிலுக்கு மாறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் நாகசாகி வந்துவிடுகிறது. வெந்நீர் போல் சூடான இருக்கையில் அமர்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 1597 சனவரியில், கியோத்தோவில் இடது காது அறுக்கப்பட்டு, ஊர் ஊராகக் காட்டப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் பனியில் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த மறைசாட்சிகள். புறப்பட்டவர்கள் 24 பேர். வழியில் அவர்களுக்குப் பணிவிடை செய்ய உடன் வந்த இருவரையும் பிடித்துச் சேர்த்துக்கொள்ள, 26 ஆனார்கள். கடைசி இரவில் ஓமுரா விரிகுடாவைப் படகில் கடந்து, விடிந்ததும் இந்தக் குன்றுக்கு நடந்தார்கள்.

நிலையத்திலிருந்து ஐந்து நிமிட ஏற்றம்தான். ஆனால் செங்குத்தான ஏற்றம். மேலே 1962இல் எழுப்பப்பட்ட நினைவுச் சுவரில் சிற்பி யசுதாகே ஃபுனாகோஷி வார்த்த 26 வெண்கல உருவங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. நிற்கின்றன என்பதும் தவறு. பாதங்கள் தரையில் ஊன்றாமல், விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, எல்லாரும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில், மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாரும் அவர்களுள் ஒருவர். நாங்கள் போன நேரம், ஒரு சுற்றுலாக் குழுவினர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி, விரல்களை விரித்துப் படம் எடுத்து முடிக்கவே அரைமணி ஆயிற்று. மனம் கசந்தது. ஆனாலும் அவர்கள் போன பிறகு அந்த இடத்தில் விழுந்த அமைதியை நான் மறக்க மாட்டேன்.

வரிசையில் சிறுவர்கள் மூவரையும் உயரத்தாலேயே கண்டுகொள்ளலாம். பதினான்கு வயதுத் தொமாஸ் கொசாகி, தந்தை மிகேலுடன் சேர்ந்து மரித்தவன். பதின்மூன்று வயது அந்தோனி. எல்லாரிலும் சிறியவன் லூயி. அவன் முன்னால் முழந்தாளிட்டு, பதினான்கு ஆண்டுகளாக மனத்தில் அடுக்கி வைத்திருந்த நன்றியைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. விசுவாசத்தை விட்டுவிட்டால் உயிர்ப்பிச்சை தருவதாக அதிகாரி சொன்னபோது, அப்படி வாழ விரும்பவில்லை என்று மறுத்துவிட்டு, தன் சிலுவை எது என்று கேட்டு ஓடிப்போய் அதைத் தழுவிக்கொண்ட பிள்ளை அவன். அந்தப் பிள்ளையிடமா நாங்கள் எங்கள் பிள்ளைக்கு உயிர் கேட்டோம்? பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டவனிடம், எங்களவனுக்குப் பன்னிரண்டு தாண்டவேண்டும் என்று கேட்டோம்; அவனும் கணக்குப் பார்க்காமல் பரிந்து பேசி வாங்கிக் கொடுத்தானே! வெட்கமும் நன்றியும் ஒன்றாகப் பெருகி, அம்மாவின் செபமாலையைப் பிடித்தபடி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மெழுகுதிரியை ஏற்றினோம். மலைக்காற்று மூன்று முறை அணைத்தது. நான்காம் முறை, மகன் தன் மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றி, இரு பக்கமும் விரித்துப் பிடித்துக் காற்றுக்கு முதுகு கொடுத்துக் குனிந்து நின்றான். அவனுக்காக நேர்ந்த சுடர் அவன் நெஞ்சுக்கு முன்னாலேயே நின்று எரிந்தது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்கும்வரை அவன் அசையவில்லை. பிறகு அந்தத் துப்புரவான இடத்தில் மெழுகு சொட்ட விட்டுவர மனமின்றி, அணைத்து, மிச்சத்தைப் பையில் வைத்துக்கொண்டோம்.

சுவருக்குப் பின்னாலுள்ள அருங்காட்சியகத்தில் சவேரியாரின் கடிதம் ஒன்று இருக்கிறது. அம்மாவின் சார்பில் அதன் முன்னும் நின்று வணங்கினேன். பிற்பகலில் ஓவுரா ஆலயத்துக்குப் போனோம். ஏறும் வழியெல்லாம் இருபுறமும் கடைகள். கஸ்தேலா கேக்கைத் துண்டு போட்டு நீட்டி அழைக்கிறார்கள். வேளாங்கண்ணிக் கடைத்தெரு தோற்றுப்போகும். 26 மறைசாட்சிகளின் பெயரால் நிஷிசாக்காவை நோக்கிக் கட்டப்பட்ட கோவில் அது. இரண்டரை நூற்றாண்டு மறைந்து வாழ்ந்த கிறித்தவர்களில் சிலர் 1865 மார்ச் 17 அன்று அங்கே வந்து, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று குருவிடம் மெதுவாகச் சொல்லி, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார்களாம். அதே அன்னையின் முன் நானும் நின்றேன். கூட்டம் தள்ளியதால் ஒரு மங்கள வார்த்தைச் செபத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை.

மாலையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மா அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தொமாஸ் தன் தாய்க்கு வழியில் எழுதிய கடிதத்தைப் பற்றியும் சொன்னேன்: தனக்காகவும் தந்தைக்காகவும் வருந்த வேண்டாம் என்றும், தம்பிகள் இருவரையும் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தான், தந்தையின் உடலில், உடைக்குள், இரத்தக் கறையோடு அது கிடைத்தது. அம்மா நெடுநேரம் பேசவில்லை.

"அந்தத் தாய்க்கு ஒரு திரி ஏத்துனியா, மக்களே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"மிச்சத் திரியைப் பத்திரமாக் கொண்டு வந்துரு. நம்ம சிலுவைக் கோயில்ல அவளுக்கு ஏத்துவோம்."

ரயில் வந்துவிட்டது. பையைத் திறந்து பார்த்தேன். விரல் நீளத்துக்குத் திரி இருந்தது.