நல்லர்பார் வழியில் கேரவன் ஃப்ரிட்ஜ்: பேட்டரியைக் குறை சொல்லும் முன்

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை, நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் எய்ர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பெனாங் தாண்டிவிட்டால் ஊர் என்று சொல்லும்படி யூக்லா ஒன்றுதான். மற்றவை ரோட்ஹவுஸ்கள், அதாவது எரிபொருளும் சாப்பாடும் தங்க இடமும் தரும் சாலையோர நிறுத்தங்கள். அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன, ஆகவே கேரவனுக்கு 240 வோல்ட் இணைப்போடு இடம் வேண்டுமென்றால் காசு கூட. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஃப்ரிட்ஜ் பேட்டரியில் எப்படி ஓடுகிறது என்பதை இந்தச் சாலை இரண்டே நாளில் சொல்லிவிடும்.

முதலில் உங்கள் ஃப்ரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். எரிவாயு, 240 வோல்ட், 12 வோல்ட் என மூன்றிலும் ஓடும் பழைய வகை என்றால் அதற்குள் கம்ப்ரசர் இல்லை. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விக்கும் அமைப்பு அது. 12 வோல்ட்டில் அதன் ஹீட்டர் 10 முதல் 15 ஆம்ப் வரை இழுக்கும், பல மாடல்களில் நிற்காமல் இழுக்கும். 100 ஆம்ப்-அவர் (ஒரு ஆம்ப் வீதம் 100 மணி நேரம் தரும் கொள்ளளவு) ஏஜிஎம் (அடைத்த ஈய-அமில வகை) பேட்டரியைப் பாதி காலியாக்க நாலைந்து மணி நேரம் போதும். இந்த வகைக்கு 12 வோல்ட் என்பது வண்டி ஓடும்போது குளிரைத் தக்கவைக்க மட்டுமே. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியதும் எரிவாயுவுக்கு மாற்றுங்கள், கேரவன் சமமாக நிற்கட்டும். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்துவிட வேண்டும். இதை இன்வெர்ட்டர் வைத்து 240 வோல்ட்டில் ஓட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அதே ஹீட்டர், அதே தீனி, அதன் மேல் இன்வெர்ட்டரின் இழப்பு வேறு. வேண்டாம்.

இனிச் சொல்வதெல்லாம் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் பற்றி. 150 முதல் 190 லிட்டர் அளவுள்ளது ஓடும்போது 4 முதல் 6 ஆம்ப் எடுக்கும், ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். மிதமான நாளில் 24 மணி நேரத்துக்கு 50 ஆம்ப்-அவர் வாக்கில், கொளுத்தும் நாளில் 70 அல்லது அதற்கும் மேல் என்று கணக்கு வையுங்கள். ஏஜிஎம்மில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், லித்தியத்தில் 80 சதவீதம் வரை போகலாம். ஆக, ஒரு முழு நாளைத் தாங்க 200 ஆம்ப்-அவர் ஏஜிஎம் அல்லது 100 ஆம்ப்-அவர் லித்தியம் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் விடியற்காலை ஃப்ரிட்ஜ் நின்று கிடக்கும். உடனே பேட்டரி செத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்குவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வயர்.

ஆஸ்திரேலியக் கடைகளில் வயர் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘4 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள்’ என்றால் அது மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு 1.8 சதுர மில்லிமீட்டர்தான். ‘6 மில்லிமீட்டர்’ என்று விற்பது 4.6 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 6 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 12 மீட்டர் செம்பு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பின் தடையை மீட்டருக்கு 0.0175 ஓம் என்று வைத்து, 12-ஆல் பெருக்கி, 1.8-ஆல் வகுத்தால் 0.117 ஓம். 6 ஆம்ப் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பல கேரவன்களில் அதே வயரில்தான் தண்ணீர் பம்ப்பும் விளக்குகளும் தொங்கும். பம்ப் ஓடி மொத்தம் 13 ஆம்ப் ஆனால் இழப்பு ஒன்றரை வோல்ட். பேட்டரியில் 11.9 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 10.4. கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பெட்டி பத்தரை வோல்ட் வாக்கில் துண்டிக்கும்படி வைத்திருந்தால், யாரோ பல் துலக்கக் குழாயைத் திறந்ததும் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். துண்டித்த அளவைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறினால்தான் மறுபடி ஓடும். டான்ஃபாஸ், செகாப் கம்ப்ரசர்களில் பழுதுகாட்டும் விளக்கு இருந்தால், அது ஒரே ஒரு முறை கண்சிமிட்டி இடைவெளி விடுவது இந்த வோல்ட் குறைவைத்தான் சொல்கிறது. ஐந்து முறை என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடேறிவிட்டது.

சோதிப்பது எளிது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள், பிறகு ஃப்ரிட்ஜின் பின்புற முனைகளில் பாருங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வேலை இருக்கிறது. வயரோடு ஃபியூஸ் தாங்கி, பலகையிலுள்ள சின்ன சுவிட்ச், சேசிஸ் வழியாகப் போகும் எர்த் ஆகியவற்றையும் சந்தேகியுங்கள். சிகரெட் லைட்டர் வகைப் பிளக் இருந்தால் அதைத்தான் முதலில் வெட்டி எறிய வேண்டும், சாலை அதிர்வில் அது தளர்ந்து சூடாகும். தீர்வு ஒன்றுதான்: பேட்டரியிலிருந்து நேரே ஃப்ரிட்ஜுக்கு, வேறு எதுவும் பகிராத இரட்டை வயர். ‘8 பி அண்ட் எஸ்’ என்று விற்கும் வயரில் செம்பு ஏறத்தாழ 8 சதுர மில்லிமீட்டர். அதே 6 மீட்டருக்கு இழப்பு 0.16 வோல்ட்டாகச் சுருங்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். முனைகளைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், இடுக்கியால் நசுக்கினால் போதாது.

வயருக்கு அடுத்தது காற்று. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டைப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தச் சூடு வெளியேற வழி இல்லையென்றால் தன் சூட்டையே திரும்பத் திரும்ப இறைத்துக்கொண்டிருக்கும். கீழே ஒரு துவாரம், மேலே ஒரு துவாரம் வேண்டும். ஃப்ரிட்ஜின் தலைக்கு மேல் வெற்றிடம் இருந்தால் அலுமினியத் தகடு வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் சூடான காற்று அங்கே தேங்கும். கணினிக்குப் போடும் 12 வோல்ட் விசிறி ஒன்றை மேல் துவாரத்தருகே வெளியே தள்ளும்படி வைத்து, 40 டிகிரியில் இயங்கும் வெப்ப சுவிட்ச்சோடு இணைத்தால் போதும். 0.2 ஆம்ப் விசிறி நாள் முழுக்க ஓடினாலும் 5 ஆம்ப்-அவர்தான், மிச்சப்படுத்துவது அதைவிடக் கூடுதல்.

இங்கே சாலையின் திசையும் வந்து சேர்கிறது. தெற்குக் கோளத்தில் மதியச் சூரியன் வடக்கே நிற்கும். மேற்கு நோக்கிப் போகையில் வண்டியின் வலப்பக்கம் நாள் முழுக்க வெயில் காயும். ஃப்ரிட்ஜின் துவாரங்கள் வலப்பக்கம் இருந்தால், நிறுத்தும் இடத்திலாவது அந்தப் பக்கத்தைத் தெற்கே திருப்பி நிறுத்துங்கள். பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவும் இல்லாத சாலை. அங்கே வெயிலிலிருந்து திருப்பிக்கொள்ள வழியே கிடையாது.

மின்சாரத்தைத் திரும்ப நிரப்புவது ஓடும் நாட்களில் பெரிய கவலை இல்லை. வண்டியின் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தைக் கொண்டு கேரவன் பேட்டரியை நிரப்பும் 25 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் நாலு மணி நேர ஓட்டத்தில் 100 ஆம்ப்-அவர் வரை வரும். புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சத்துக்காக வோல்ட்டைக் குறைத்துக்கொள்வதால், வெறும் ரிலே வைத்து இணைத்த பழைய முறை இவற்றில் சரிப்படாது. ஓரிடத்தில் தங்கும் நாட்களுக்கு சோலார் வேண்டும். கூரையில் படுத்திருக்கும் 200 வாட் பேனல் நல்ல கோடை நாளில் 60 ஆம்ப்-அவர் தரும், குளிர்காலத்தில் அதில் பாதியைத்தான் நம்பலாம்.

என்ன ஏற்றுகிறோம் என்பதும் கணக்கில் வரும். மேற்கே போகிறவர்கள் பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் பழம், பச்சைக் காய்கறி, தேன் ஆகியவற்றைக் கொடுத்துவிட வேண்டும். கிழக்கே வருகிறவர்களுக்குச் சோதனை செடூனாவில். ஆகவே பெட்டியில் மிஞ்சுவது பால், இறைச்சி, உறைய வைத்த குழம்பு. காய்கறியை எல்லைக்கு முன்பே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். காலியான இடத்தில் தண்ணீர் பாட்டில் வைப்பது நல்லதுதான், ஆனால் நேரம் பார்த்து வையுங்கள். 30 டிகிரியில் இருக்கும் பத்து லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர 15 ஆம்ப்-அவருக்கு மேல் செலவாகும். மாலையில் வைத்தால் அது இரவு பேட்டரியிலிருந்து போகும். காலை பத்து மணிக்கு வைத்தால் சூரியன் கொடுக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் முழுக்க 240 வோல்ட்டில் ஓடவிட்டு, உணவு 5 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டதைத் தனி வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜிஎம் பேட்டரிக்காரர்கள் நார்ஸ்மன் வந்து சேர்ந்ததும் ஒரு இரவாவது 240 வோல்ட் இணைப்புள்ள இடத்தில் தங்குவது நல்லது. வழியில் 80, 90 சதவீதம் வரை ஏறியிருக்கும், கடைசிப் பகுதி நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். அது நிரம்பாமலே நாட்கணக்கில் ஓட்டினால் தகடுகளில் சல்பேட் படிந்து, 200 ஆம்ப்-அவர் என்று வாங்கியது அடுத்த பயணத்தில் 140-ஆகத்தான் நடந்துகொள்ளும்.