சறுக்குத் திடல் நாட்குறிப்பு

5 ஜூலை 2025, சனிக்கிழமை

பேத்தியை அழைத்துக்கொண்டு இன்று மாலை நகரத் திடலுக்குப் பின்புறம் இருக்கும் ஸ்கேட் பார்க்குக்கு முதல் முறையாகச் சென்றேன். சந்தைக்குப் போகும்போதெல்லாம் மோட்டாரில் அதைக் கடந்திருக்கிறேன். உள்ளே காலடி வைத்ததில்லை. கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது. இரண்டு முனைகளிலும் என் மார்பளவு உயரத்துக்கு வளைந்து ஏறும் காங்கிரீட் சுவர்கள். பிள்ளைகள் அவற்றைக் குவார்ட்டர் பைப் என்கிறார்கள். நடுவே சமதளமும், ஓரங்களில் இரும்பு பதித்த ஒரு தாழ்ந்த மேடையும், மூன்று படிகளும் இருக்கின்றன. இந்த இடத்துக்குக் கிழக்கே முன்பு பால்மரங்கள் நின்றன, பிறகு செம்பனை வந்தது, இப்போது தாமான் வீடுகள். நாங்கள் பந்து விளையாடிய தோட்டத் திடல் அந்த வீடுகளுக்கு அடியில்தான் எங்கோ கிடக்கிறது.

பதினொரு வயதுப் பேத்தி, மாமன் வாங்கிக் கொடுத்த பழைய ஸ்கேட்போர்டுப் பலகையில் வலது காலை முன்னால் வைத்து நின்றாள். இடது காலை முன்வைப்பதே பெரும்பாலோரின் வழக்கம் என்றும், வலது கால் முன்னால் நிற்பதைக் கூஃபி என்பார்கள் என்றும், அதில் தவறொன்றும் இல்லை என்றும் ஒரு மலாய்ப் பையன் அவளுக்கு விளக்கினான். என்னை பாக்சிக் என்று மரியாதையாக அழைத்து, நிழலில் உட்காரச் சொன்னான். அவர்கள் ஒருவரையொருவர் முந்துவதில்லை. ஒருவர் இறங்கி முடிக்கும்வரை மற்றவர்கள் மேல் விளிம்பில் காத்து நிற்கிறார்கள். நன்றாகச் செய்தவனுக்குக் கைதட்டாமல், பலகையின் வாலால், அதாவது பின்முனையால், காங்கிரீட்டைத் தட்டுகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

6 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

பலகையின் பின்சக்கரம் ஒன்று சுழலாமல் முனகியதால், காலையில் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்துப் பிரித்துப் போட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் ரப்பர் ஆலையிலும் பிறகு செம்பனை ஆலையிலும் பிட்டராக வேலை பார்த்தவனுக்கு, பேரிங் என்றால் பழகிய முகம். உள்ளே இருந்தது 608 என்ற எண்ணுள்ள பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிப்பு 7. நான்கு சக்கரங்களுக்கு எட்டுப் பேரிங்குகள். சிறிய மோட்டார்களிலும் மின்கருவிகளிலும் வருகிற அதே அளவுதான் என்று கண்டபோது, கூட்டத்தில் ஊர்க்காரரைப் பார்த்தது போல இருந்தது.

மழைநீர் இறங்கி ஒன்றில் துரு பிடித்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துணியில் உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். ஆலையில் நாங்கள் கிரீஸ் அடைத்தோம், ஏனென்றால் அங்கே பாரம் அதிகம், தூசும் நீராவியும் ஓயாது. இங்கே பாரம் ஒரு பிள்ளையின் உடல்தான். சக்கரமோ தட்டிவிட்டால் தடையின்றிச் சுழல வேண்டும், கெட்டியான கிரீஸ் அதைப் பிடித்து நிறுத்திவிடும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகையும் பீங்கான் கிண்ணத்தில் எண்ணிப் போட்டாள்.

12 ஜூலை, சனிக்கிழமை

இன்று அவள் விழுந்தாள். முழங்கால் கவசமும் தலைக்கவசமும் இருந்ததால் உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. விழுந்தது அவள் பிழையால் அன்று. சமதளத்தின் குறுக்கே இரண்டு காங்கிரீட் பலகங்கள் சேரும் இடத்தில், ஓரத்து மழைமரத்தின் வேர் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டிருக்கிறது. பாக்கெட்டில் இருந்த உருக்கு அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 6 மில்லிமீட்டர். நடந்து போகிறவர் கண்ணில் அது படாது.

வீட்டுக்கு வந்து தாளில் வரைந்து பார்த்தேன். அவளுடைய சக்கரத்தின் விட்டம் 52 மில்லிமீட்டர், ஆரம் 26. அது 6 மில்லிமீட்டர் விளிம்பில் முட்டும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து முட்டும் இடத்துக்குக் கோடு இழுத்தால், அந்தக் கோடு செங்குத்திலிருந்து ஏறக்குறைய 40 பாகை சாய்ந்து நிற்கிறது. அதே விளிம்பில் ஒரு பெரியவரின் சைக்கிள் சக்கரம் முட்டினால் சாய்வு ஏறக்குறைய 11 பாகைதான். சைக்கிள் ஏறிப் போய்விடும். பலகையோ அப்படியே நின்றுவிடும், நின்ற பலகையின் மேல் இருக்கிற பிள்ளை மட்டும் முன்னால் பறக்கும். முற்காலத்தில் இரும்பிலும் களிமண் கலவையிலும் சக்கரம் செய்தபோது சிறு கூழாங்கல்லே இதைச் செய்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பாலியூரிதேன் சக்கரங்களைக் கொண்டுவந்த பிறகுதான், தரையைப் பற்றிக்கொண்டு சின்னக் கற்களின் மேல் ஏறிப்போகும் சக்கரம் கிடைத்தது. அந்தச் சக்கரத்தாலும் ஒரு விளிம்பை ஓரளவுக்குத்தான் தாண்ட முடியும்.

பெரிய பையன்கள் அந்தப் பிளவைத் தாங்களே இரண்டு முறை அடைத்திருக்கிறார்கள். கார்ப் பட்டறையில் கேட்டு வாங்கிய பட்டி என்ற அடைப்புப் பசையைப் பூசித் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். மெல்லிய ஓரம் வெயிலிலும் மழையிலும் பெயர்ந்துவிட்டது. தங்கள் கைக்காசைப் போட்டுப் பொதுச்சொத்தைப் பழுதுபார்த்த இந்தப் பிள்ளைகளைத்தான் ஊரில் சிலர் வீணாகத் திரிபவர்கள் என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நானும் பல முறை சும்மா இருந்திருக்கிறேன் என்பது இன்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

15 ஜூலை, செவ்வாய்க்கிழமை

மன்ற அலுவலகத்தில் கடிதமும் படங்களும் கொடுத்தேன். முகப்பில் இருந்தவர் ஏற்கெனவே இரண்டு புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் ஏன் நடக்கவில்லை என்று கேட்டதற்கு, வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் பிளவு எதையும் காணவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்களாம். நின்றுகொண்டு பார்த்தால் காண முடியாதுதான். குனிந்து, அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மலாயில் எழுதி, இடத்தை வரைந்து, கடிதத்தோடு இணைத்தேன்.

19 ஜூலை, சனிக்கிழமை

நான்கு மணிக்கு மழை கொட்டி, ஐந்தரைக்கு விட்டது. ஈரக் காங்கிரீட்டில் சக்கரம் வழுக்கும், பேரிங்கும் கெடும். ஆகையால் பார்க் முழுதும் காய்ந்தால்தான் உண்டு. ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பேர் ஈர்க்குமாற்றால் தேங்கிய நீரைத் தள்ளினார்கள், ஒருவன் பழைய சட்டையால் வளைவைத் துடைத்தான், சீனப் பெண்பிள்ளை ஒருத்தி ஒட்டுக்கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து விரித்தாள். என் பேத்தியும் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கிக்கொண்டாள். முக்கால் மணி நேர உழைப்புக்குப் பிறகு அரைமணி நேரம் ஓட்டக் கிடைத்தது.

காத்திருந்த நேரத்தில் ஒலிம்பிக் பற்றிப் பேசினார்கள். 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் ஸ்கேட்போர்டிங் முதல் முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, ஜப்பானின் மொமிஜி நிஷியா 13 வயதில் பெண்கள் ஸ்திரீட் பிரிவில் தங்கம் வென்றார்; பார்க் பிரிவில் வெள்ளி வென்ற கோகோனா ஹிராகிக்கு 12 வயது. தன்னைவிட ஒரு வயதுதான் கூட என்று பேத்தி என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேனே தவிர, மறுத்தும் பேசவில்லை, ஊக்கியும் பேசவில்லை. அந்தக் கணக்கை அவளே போட்டுப் பார்க்கட்டும்.

26 ஜூலை, சனிக்கிழமை

காய்ச்சல் என்பதால் அவள் வரவில்லை. நான் மட்டும் சென்றேன். விளிம்பின் இருபுறமும் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டிருக்கிறார்கள்.

2 ஆகஸ்டு, சனிக்கிழமை

வியாழனன்று ஆட்கள் வந்து, உயர்ந்த பக்கத்தைக் கிரைண்டரால் தேய்த்து, தாழ்ந்த பக்கத்தில் எப்பாக்சி கலவையை ஒரு கை நீளத்துக்குச் சரிவாக இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முறையான வேலை, செய்த கையை நான் பாராட்டுகிறேன். பள்ளத்தை மட்டும் அடைத்திருந்தால் பட்டியின் கதிதான் ஆகியிருக்கும். வேர் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், ஓராண்டில் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். மரத்தை வெட்டலாம் என்று ஒருவர் சொன்னதற்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். மதியத்துக்குப் பிறகு அங்கே நிழல் அந்த ஒரு மரத்தால்தான்.

இன்று பேத்தி மேல் விளிம்பிலிருந்து இறங்கினாள். பலகையின் வாலை விளிம்பில் மிதித்து, முன்பாதியை அந்தரத்தில் நிறுத்தி, முன்காலை அழுத்தி ஒரே மூச்சில் கீழே பாய வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை மட்டும் ஓடிவிடும். ஏழு முறை சாய்ந்தாள், ஏழு முறையும் முழங்கால் கவசத்தில் சறுக்கி எழுந்தாள். எட்டாம் முறை இறங்கி, சமதளத்தைக் கடந்து, அந்தப் பழைய பிளவின் மேல் ஓடி, எதிர்ச் சுவரில் பாதி ஏறித் திரும்பினாள். பலகைகள் காங்கிரீட்டைத் தட்டும் சத்தம் எழுந்தது. என்னிடம் பலகை இல்லாததால் குடையின் கைப்பிடியால் தரையைத் தட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பின்பக்க இடது சக்கரம் மறுபடியும் முனகுகிறது என்றாள். நாளைக் காலை பிரித்துப் பார்க்க வேண்டும்.