தடைக்காலத்தில் ஒரு கணினிப் பட்டறை

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான், விடியற்காலையில் இறங்குதளத்தில் நின்று மீன் கணக்கெடுக்கும் ஆய்வு மாணவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அதனால் மண்டபம் என்ற ஊரில் நாங்கள் நடத்திய கணினிப் பட்டறையை மே மாதத்தில் வைத்துக்கொண்டோம்.

ராமநாதபுரம் கடற்கரையில் கடலைப் படிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே 1971-ல் கொச்சிக்கு மாறும் வரை மண்டபத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் பவளப்பாறை, கடற்பாசி, கடற்புல், நண்டு என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு படிக்கிறார்கள். பெரும்பாலோர் விலங்கியலோ தாவரவியலோ படித்து வந்தவர்கள். சேர்த்த தரவை எப்படி வைப்பது, எப்படிக் கணக்குப் போடுவது என்று அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. சீனியரின் எக்செல் கோப்பைப் பார்த்து ஒன்றை உருவாக்குவார்கள்; புள்ளியியலைக் காசு கொடுத்து வெளியே செய்து வாங்குவார்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று தானே சேர்த்த எண்ணை, கடைசியில் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் விஞ்ஞானிகளுக்குக் கணினி வேலையைச் சொல்லித் தரத் தொடங்கிய பட்டறைதான் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி. தரவைக் கையாள்வதற்கென்றே டேட்டா கார்பென்ட்ரி அப்புறம் வந்தது. 2018-ல் இரண்டும் ‘தி கார்பென்ட்ரீஸ்’ என்று ஒன்றாயின. சொல்லித் தருகிறவர்கள் தன்னார்வலர்கள். பாடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்து, மூலத்தைக் குறிப்பிட்டு, தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெயரிலேயே பட்டறை நடத்த, சான்று பெற்ற பயிற்றுநர் ஒருவராவது வேண்டும். அந்தப் பயிற்சியை நான் ஆன்லைனில் முடித்திருந்தேன். எப்படிச் சொல்லித் தருவது என்பதுதான் அதில் பெரும்பகுதி.

இடம் பிடிப்பது, கடிதம் வாங்குவது எல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே பெரிய வேலை இன்டர்நெட். ஒரே வைஃபையில் எல்லோரும் ஆர் என்ற புள்ளியியல் புரோகிராமிங் மொழி, அதை எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ இரண்டையும் டவுன்லோட் செய்ய ஆரம்பித்தால் காலை முழுதும் அதிலேயே போய்விடும். அதனால் எல்லாவற்றையும் பென் டிரைவ்களில் முன்பே ஏற்றி வைத்து, முந்தின நாள் மாலையே வரச் சொல்லி இன்ஸ்டால் செய்துவிட்டோம். பழைய விண்டோஸ் லேப்டாப்களில்தான் நேரம் பிடித்தது. தொடக்கநிலைப் பட்டறை நடத்துகிறவர்கள் இந்த மாலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வகுப்பில் ஸ்லைடு கிடையாது. நான் திரையில் ஒரு வரி தட்டுவேன், அவர்களும் தட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறத்தில் ஸ்டிக்கி நோட். முடித்தவர் பச்சையை லேப்டாப் மூடியில் ஒட்டுவார், மாட்டிக்கொண்டவர் சிவப்பை ஒட்டுவார். சிவப்பைப் பார்த்ததும் உதவியாளர் பக்கத்தில் போய் உட்காருவார். கைதூக்கிக் கேட்கத் தயங்குகிற பிள்ளைகள்கூட சிவப்பை ஒட்டத் தயங்கவில்லை. உதவியாளர்களுக்கு நாங்கள் கண்டிப்பாகச் சொன்னவை இரண்டு: அவர்கள் கீபோர்டை நீங்கள் தொடக் கூடாது, ‘இது ரொம்ப ஈஸி’ என்று சொல்லக் கூடாது. ஈஸி என்று ஒருவர் சொன்ன பிறகு, புரியவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

புரோகிராமிங்கை முதலில் எடுக்கவில்லை. அவரவர் எக்செல் கோப்பைத் திறக்கச் சொன்னோம். எனக்கு இந்தப் பகுதிதான் பட்டறையின் உயிர்.

ஒரு மாணவியின் கோப்பில், மே 4-ஆம் தேதிக்கு நேராக இழுவலைப் படகின் மீன் எடை இருந்தது. “அக்கா, தடைக்காலத்துல விசைப்படகு எப்படிக்கா கடலுக்குப் போகும்?” என்று அவரே கேட்டார். அவர் நோட்டில் எழுதியிருந்தது 05/04, அதாவது ஏப்ரல் 5. லேப்டாப் அமெரிக்க முறையில் அமைந்திருந்ததால் எக்செல் அதை மே 4 என்று எடுத்துக்கொண்டது. அதே பத்தியில் 12-க்கு மேற்பட்ட தேதிகளை எக்செலால் மாதமாகப் படிக்க முடியவில்லை. அவை வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. பத்தியை மேலிருந்து கீழே பார்த்தால், சில தேதிகள் வலப்பக்கம், சில இடப்பக்கம். அதைக் காட்டியதும் அறையில் இருந்த எல்லோரும் தங்கள் கோப்பைக் கீழே உருட்டத் தொடங்கினார்கள். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது வெற்றுக் கட்டம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. படகே போகாத நாளில் 0 என்று போட்டால் சராசரி சரிந்துவிடும். போய்விட்டு வெறும் வலையோடு திரும்பிய நாளைக் காலியாக விட்டால் சராசரி ஏறிவிடும். முதலாவதைக் காலியாக விட வேண்டும், இரண்டாவதற்கு 0 போட வேண்டும். இறங்குதளத்தில் நின்றவருக்கு மட்டுமே எது எது என்று தெரியும். காசு வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டுத் தருகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

மதியம் ஓப்பன்ரிஃபைன் என்ற, தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருள். காரல் மீனை ஆங்கில எழுத்தில் ஒரு ஏ போட்டு எழுதியவர், இரண்டு ஏ போட்டவர், கடைசியில் ஸ்பேஸ் விட்டவர் என்று ஒரே மீன் பல மீனாகக் கிடந்தது. ஒத்த பெயர்களை அதுவே கூட்டிக் காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்யலாம். நெட் இல்லாமலே ஓடும் என்பதால் நம் பக்கத்துக்கு இது வரப்பிரசாதம்.

மறுநாள் ஆர். சுத்தம் செய்த கோப்பு கையில் இருந்ததால் படகு வகைவாரியாகப் பிரித்துச் சராசரி எடுப்பது தடையில்லாமல் போனது. கரண்ட் போன நேரத்தில் லேப்டாப்களை மூடிவைத்துவிட்டு, அடுத்து என்ன வரி வரும் என்று பலகையில் எழுதிப் பார்த்தோம். கிராஃப் பகுதியை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் கேட்டு நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாணவி அடுத்த பட்டறைக்கு உதவியாளராக வர ஒத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் ஊரில் நடத்த நினைத்தால் பங்குனியிலேயே இடத்தைப் பேசிவிடுங்கள். வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டால் இந்தக் கடற்கரையில் கூடமும் கிடைக்காது, வாடகை ஜெனரேட்டரும் கிடைக்காது.