மூன்று அடி ஃபிலிம்: மிஃபுனேவை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்த்தது

ஒரு சாதாரண ஜப்பானிய நடிகர் ஓர் உணர்வைப் பதியவைக்கப் பத்து அடி ஃபிலிம் பிடிக்கும், தொஷிரோ மிஃபுனேவுக்கு மூன்று அடி போதும் என்று இயக்குநர் அகிரா குரோசாவா தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் மூன்று தனித்தனி அசைவுகளில் காட்டுவதை இவர் ஒரே அசைவில் காட்டிவிடுவாராம். எல்லோரும் இதைப் புகழ்ச்சியாகவே எடுத்துச் சொல்கிறார்கள். உண்மையில் அது ஓர் அளவு. அளவு என்றால் அளந்து பார்த்துவிடலாம்.

கணக்கு எளிது. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்), ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். எனவே மூன்று அடி 48 ஃபிரேம், சரியாக 2 விநாடி. பத்து அடி 160 ஃபிரேம், அதாவது ஆறே முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. கணினியில் எம்பிவி (mpv) என்ற வீடியோ பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், கால்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னால் வரும். விஎல்சி (VLC) என்ற பிளேயரில் முன்னால் மட்டும் நகர்த்துவது சுலபம். தொடக்கப் புள்ளியைத் தேடி முன்னும் பின்னும் போகவேண்டியிருப்பதால் இந்த வேலைக்கு எம்பிவிதான் வசதி. 16 தட்டலுக்குத் தாளில் ஒரு கோடு போட்டால் ஒரு கோடு ஓர் அடி.

முதல் சறுக்கல் படம் இருக்கும் வட்டிலேயே (டிஸ்க்) இருக்கிறது. ஐரோப்பாவின் 'பால்' (PAL) வீடியோ முறை டிவிடி விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும். 207 நிமிட 'ஏழு சாமுராய்' அதில் 199 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஃபிரேம் எண்ணிக்கை சரியாக இருக்கும், விநாடிக் கணக்குதான் பொய். அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி (NTSC) வீடியோ முறை டிவிடி பலவற்றில் இது தலைகீழ்: நேரம் சரி, ஆனால் நான்கு ஃபிலிம் ஃபிரேமை ஐந்து வீடியோ ஃபிரேமாக நீட்டியிருப்பார்கள். 48 இருக்கவேண்டிய இடத்தில் 60 வரும். ஐந்தில் இரண்டு ஃபிரேமில் இரட்டை உருவம் தெரிந்தால் இதுதான் காரணம். அப்படிப்பட்ட வட்டில் எண்ணிக்கையை 5ஆல் வகுத்து 4ஆல் பெருக்க வேண்டும். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. டிவியில் பார்ப்பதானால் அசைவை மிருதுவாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இல்லாத ஃபிரேம்களைத் தானாக உண்டாக்கும்.

இரண்டாவது சறுக்கல் இதைவிடப் பெரிது. ஷாட்டின் நீளத்தை எண்ணுவது தவறு. ஷாட் எங்கே முடிகிறது என்பது எடிட்டிங். குரோசாவா தன் படங்களைத் தானே எடிட் செய்தவர். எண்ணவேண்டியது உணர்வு மாறும் கணத்திலிருந்து, அதாவது கண்ணோ தோளோ முதலில் அசையும் ஃபிரேமிலிருந்து, உடல் புதிய நிலையில் அமரும் ஃபிரேம் வரை. 'ஏழு சாமுராய்' சண்டைகளில் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடியவை. அங்கே ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரே அசைவின் சில ஃபிரேம்கள் இருமுறை வந்திருக்கலாம். வெட்டு விழாத அசைவுகளாகப் பார்த்து எண்ணுவது நல்லது.

இந்த வேகம் நாடக மேடையிலோ ஜப்பானிய மரபு நாடகமான கபுகியிலோ பழகி வந்ததல்ல. மிஃபுனே 1920 ஏப்ரல் 1 அன்று சீனாவின் சிங்தாவ் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், தாலியனில் வளர்ந்தவர். அப்பாவுக்குப் புகைப்படத் தொழில். போரின்போது ராணுவ விமானப் பிரிவில் வானிலிருந்து எடுக்கும் புகைப்படங்கள் தொடர்பான பணி. போர் முடிந்து டோஹோ ஸ்டுடியோவுக்குப் போனது கேமரா உதவியாளர் வேலை தேடி. 1946இல் புதுமுகத் தேர்வில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோபத்தை நடித்துக் காட்டச் சொன்னபோது அடிபட்ட மிருகம்போல் கூடத்தில் பாய்ந்து திரிந்துவிட்டு, நாற்காலியில் விழுந்து நடுவர்களை முறைத்தாராம். நிராகரிக்கவிருந்த நிலையில் இயக்குநர் கஜிரோ யமமோட்டோ பரிந்து பேசினார். 1947இல் முதல் படம். 1948 முதல் 1965 வரை குரோசாவா இயக்கிய 17 படங்களில் 'இகிரு' தவிர மற்ற 16இலும் மிஃபுனே இருக்கிறார்.

ரஷோமான் (1950). எண்ணத் தொடங்க இதைவிட நல்ல படம் கிடையாது. கொள்ளைக்காரன் தஜோமாரு (மிஃபுனே) சொல்லும் கதையில் வாள்சண்டை வீரமாக நடக்கிறது. 23 முறை வாள் மோதியதாகப் பெருமை பேசுகிறான். விறகுவெட்டி சொல்லும் கதையில் அதே இருவர், அதே காடு. அங்கே வாள் நுனி நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, தடுக்கி விழுகிறார்கள். ஒரே நடிகர் ஒரே சண்டையை இரண்டு அளவில் நடித்திருப்பதால் ஒப்பிட வெளியே வேறு யாரையும் தேட வேண்டாம். முதல் சண்டையில் ஓர் அசைவு முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. இரண்டாவதில் ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் ஒரு தயக்கம், பின்னால் ஒரு தடுமாற்றம். குரோசாவா சொன்ன 'மூன்று அசைவு' இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டுமென்றே மூன்றாகப் பிரித்து நடிக்கவும் மிஃபுனேவுக்குத் தெரியும்.

ஏழு சாமுராய் (1954). மிஃபுனேவின் கிகுச்சியோ வேடம் முழுக்கத் துள்ளல்தான் என்று நினைத்துக்கொண்டு எண்ணினால் ஏமாற்றம். விவசாயிகள் பதுக்கிவைத்த கவசங்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அவன் பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் விவசாயிகளைத் திட்டுகிறான், அப்படியே சாமுராய்கள் பக்கம் திரும்பி விவசாயிகளை இப்படி ஆக்கியது யார் என்று கேட்கிறான், பிறகு உடைந்துபோகிறான். திருப்பங்கள் ஒவ்வொன்றும் பொசுக்கென்று வருகின்றன. திரும்பிய பிறகு அந்த நிலையிலேயே நிற்கிறான். வேகம் மாற்றத்தில்தான், நிற்பதில் அவசரமே கிடையாது. எரியும் நீர்ச்சக்கர மாவு ஆலைக்கு முன்னால் ஓடைத் தண்ணீரில் குழந்தையோடு உட்கார்ந்து, தனக்கும் இப்படித்தான் நடந்தது என்று அழும் இடத்திலும் இதே கணக்குதான்.

சிலந்தி வலைக் கோட்டை (1957). இதில் அடிக் கணக்கு தலைகீழாகிறது. குரோசாவா மிஃபுனேவிடம் 'ஹெய்தா' என்ற வீரர் முகமூடியை (முகமூடி அணிந்து நடிக்கும் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தில் வருவது) காட்டி, முகத்தை அதுபோல வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆகவே முகம் நீண்ட நேரம் இறுகி நிற்கும். அந்த இறுக்கம் உடைவது கடைசியில் அம்புகள் பாயும் காட்சியில். அவற்றில் பல உண்மையான அம்புகள், தேர்ந்த வில்லாளர்கள் எய்தவை. மிஃபுனே கைகளை வீசிப் பலகையில் தைத்த அம்புகளை விலக்குவது நடிப்பு மட்டுமல்ல, அடுத்து எந்தப் பக்கம் நகரப்போகிறேன் என்று வில்லாளர்களுக்குத் தரும் குறிப்பும்கூட. இது தெரிந்த பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், கை போகும் திசையைப் பின்பற்றி உடல் நகர்வது தெரியும். அந்தக் கண்களில் இருக்கும் பயத்தை நடிப்பு என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

மறைந்த கோட்டை (1958) குரோசாவாவின் முதல் அகலத்திரைப் படம். பக்கங்களை வெட்டிய பழைய பிரதியில் பார்த்தால் ஈட்டிச் சண்டையில் ஈட்டி நுனி திரைக்கு வெளியே போய்விடும், எண்ணவே முடியாது. முழு அகலப் பிரதியில், லகானை விட்டுவிட்டு இரு கையாலும் வாளைத் தூக்கிப் பிடித்தபடி பாயும் குதிரையில் மிஃபுனே போகும் துரத்தலைப் பாருங்கள்.

யொஜிம்போ (1961) அவருக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்தது. தோளைக் குலுக்குவது, தாடையைச் சொறிவது, பல்குச்சியை மெல்லுவது எல்லாம் சண்டைக்கு முந்தைய நேரத்தை நிரப்புகின்றன. வாளில் கைபோன பிறகு அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சஞ்சுரோ (1962) கடைசி மோதல்தான் இந்த முயற்சியின் உச்சம். எதிரே நடிகர் தத்சுயா நகதாய். கைக்கெட்டும் தூரத்தில் இருவரும் அசையாமல் நிற்கிறார்கள். நிற்கும் நேரம் பத்து அடியைத் தாராளமாகத் தாண்டிவிடும். பிறகு ஒரே வெட்டு. சாதாரண வேகத்தில் மிஃபுனே என்ன செய்தார் என்றே தெரியாது. நகர்த்திப் பார்த்தால் தெரியும்: இவ்வளவு நெருக்கத்தில் வலது கையால் வாளை முழுதாக உருவ இடமில்லை. அதனால் இடது கையால், பிடியைத் தலைகீழாகப் பற்றி உருவி, வாளின் முதுகில் வலது கையை வைத்துத் தள்ளுகிறார். நகதாய் வழக்கமான முறையில் உருவி ஓங்கப் போகிறார். அந்த ஓங்கலுக்கு ஆகும் நேரம்தான் அவர் உயிர். சண்டை அமைப்பு ரியூ குஸே.

செந்தாடி (1965) மருத்துவர் வேடம், வெனிஸில் இரண்டாவது விருது. எண்ண அதிகமில்லை, அதிகாரமெல்லாம் நிற்பதிலும் தாடியைத் தடவுவதிலும் இருக்கிறது. குரோசாவாவோடு அதுவே கடைசி.

அடுத்து எண்ண எடுத்துவைத்திருப்பது இயக்குநர் மசாகி கொபயாஷி 1967இல் எடுத்த 'சாமுராய் கலகம்'. புல்வெளியில், பக்கத்தில் கைக்குழந்தையைக் கிடத்திவிட்டு மிஃபுனே வாள் உருவுகிறார். எதிரே அதே நகதாய். சஞ்சுரோவில் முழுச் சண்டையும் ஒரு வெட்டில் முடிந்தது, இங்கே நீள்கிறது. இரண்டிலும் நகதாயின் ஃபிரேம்களையும் தனி வரிசையில் எண்ணவேண்டும். பத்து அடிக்காரர் யார், மூன்று அடிக்காரர் யார் என்பதற்கு எதிராளியின் கணக்கும் வேண்டுமே.