ஆணித் தலைகள்

சிகாகோவுக்கு வந்த முதல் வாரமே அண்ணி சொல்லிவிட்டார்: "எங்கே வேண்டுமானாலும் போ, மேற்குப் பக்கம் மட்டும் போகாதே." ஏன் என்றதற்கு, "அங்கெல்லாம் கறுப்பர்கள்" என்றார். காலனித் தெருவைக் காட்டி ஊரில் பாட்டி சொன்ன அதே குரல். நானும் தலையாட்டினேன்.

ரொட்டிக்கடையில் என்னோடு மாவு பிசைந்த கறுப்பினப் பெண்மணிதான் 'தி மர்டர் ஆஃப் ஃபிரெட் ஹாம்ப்டன்' படத்தைப் பார்க்கச் சொன்னார். 1971இல் ஹோவர்ட் ஆல்க் இயக்கியது. உயிரோடிருந்த ஒருவரைப் பற்றித்தான் படமெடுக்கத் தொடங்கினார்கள். பாதிப் படம்வரை ஹாம்ப்டன் பேசிக்கொண்டே இருக்கிறார். "நான் ஒரு புரட்சியாளன்" என்று கூட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார். பிறகு அவருடைய படுக்கை வருகிறது. ரத்தம் ஊறிய மெத்தை.

1969 டிசம்பர் 4, விடியும் முன். மன்ரோ தெரு வீட்டுக்குள் போலீசார் சுட்டபடி நுழைந்தனர். கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய்ஸ் மாநிலத் தலைவரான ஹாம்ப்டனுக்கு வயது 21. அவரோடு மார்க் கிளார்க்கும் இறந்தார். உள்ளிருந்தவர்களும் சுட்டார்கள் என்றது அரசுத் தரப்பு. ஆனால் போலீசார் வீட்டுக்குச் சீல் வைக்காமல் போய்விட்டார்கள்! படக்குழு கேமராவோடு உள்ளே போனது. உள்ளிருந்து சுட்ட குண்டு துளைத்த இடங்கள் என்று பத்திரிகையில் வட்டமிட்டுக் காட்டப்பட்ட புள்ளிகள் கதவுச் சட்டத்தில் அடித்த ஆணிகளின் தலைகள். அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். கலைப்படத்தில் கேமரா அழகாக அலையும். இங்கே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

போலீஸ் துப்பாக்கிகளிலிருந்து 80க்கும் மேற்பட்ட குண்டுகள், உள்ளிருந்து அதிகபட்சம் ஒன்று என்றது 1970இல் கூடிய மத்திய விசாரணைக் குழு. ஒருவர்கூட இதற்காகச் சிறைக்குப் போகவில்லை. 1982இல் 18.5 லட்சம் டாலர் இழப்பீடு.

"எனக்கு அப்போது எட்டு வயது" என்றார் அந்தப் பெண்மணி. அந்த வீட்டைப் பார்க்கக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்களே, அதில் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர். உள்ளே போனதும் அம்மா அவர் கண்ணைப் பொத்தவில்லையாம். மாவைத் தட்டியபடியே சொன்னார்.

அடுத்த ஞாயிறு 20ஆம் எண் பஸ் ஏறினேன். வெஸ்டர்ன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் மன்ரோ தெரு. அந்த வீடு இப்போது இல்லை. பனியைத் தள்ளிக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்து, நான் கேட்காமலேயே மண்வெட்டியால் இடத்தைக் காட்டினார்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.